இந்த உடம்புக்கு ரத்தசோகையா?

“உங்க உடம்புக்கு ரத்தசோகையாம்மா?” என்று சிரித்தார் மருத்துவர். அப்போது என் எடை 112 கிலோ. பள்ளியில் மூன்றாவது பீரியட் முடிவதற்குள் கால் துவண்டுவிடும். மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கும். அரிசி டின்னிலிருந்து யாருக்கும் தெரியாமல் ஒரு பிடி அள்ளி மெல்லுவேன். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான் சொன்னார்கள்: எடையைக் குறையுங்கள். தீட்டு எத்தனை நாள் வருகிறது, எவ்வளவு போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சதை இருந்தால் சத்து இருக்கும் என்பது நம் ஊர்க் கணக்கு. அது தப்புக் கணக்கு. உடலில் கொழுப்பு மிகும்போது லேசான அழற்சி ஒன்று விடாமல் தொடர்கிறது. அதனால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. குடலிலிருந்து இரும்புச்சத்து ரத்தத்துக்குள் போகும் வாசலை ஹெப்சிடின் அடைக்கிறது. ஈரலும் கீரையும் தின்றாலும் போய்ச்சேர வேண்டிய அளவு சேராது. பரிசோதனையும் நம்மை ஏமாற்றும். இரும்பின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், அழற்சி இருந்தாலே ஏறிவிடும். அறிக்கையில் ‘நார்மல்’ என்றிருக்கும், கையிருப்பு காலியாக இருக்கும். டிரான்ஸ்ஃபெரின் செறிவையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை பிடிபடும். எனக்குப் பார்க்கவில்லை.

பிறகு பைபாஸ் முறையில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இரைப்பையைச் சிறு பையாக்கி, சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தவிர்த்துவிட்டு, அதற்குக் கீழே இணைத்தார்கள். இரும்பு பெரும்பாலும் உறிஞ்சப்படுவது அந்தத் தொடக்கப் பகுதியில்தான். உணவிலுள்ள இரும்பைப் பிரித்துக் கொடுக்கும் அமிலமும் சிறு பையில் குறைவு. எடை இறங்கினால் ஹெப்சிடினும் இறங்கும் என்பது உண்மை. வாசல் திறக்கிறது, ஆனால் சாப்பாடு அந்தத் தெரு வழியாக வருவதே இல்லை.

ஒன்றரை வருடத்தில் 41 கிலோ குறைந்தேன். வீட்டில் பெருமை, உறவில் பேச்சு, மருத்துவமனையில் கைதட்டல். விளம்பரத்துக்கு ‘முன், பின்’ படம் கேட்டார்கள். அந்த மாதம் என் ஹீமோகுளோபின் 7.6. களைப்பு என்றேன். “இளைச்சா அப்படித்தான் இருக்கும்” என்றார்கள். குண்டாக இருந்தபோது குண்டால் களைப்பு, இளைத்தபோது இளைப்பால் களைப்பு. பெண்ணின் களைப்புக்கு மட்டும் எப்போதும் ஒரு காரணம் தயாராக இருக்கிறது.

இந்த அறுவைக்குப் பின் மாதவிடாய் வரும் பெண்களுக்குத் தினமும் 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பு தேவை என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. என் கையில் இருந்ததோ, அதே வாரம் அறுவை செய்துகொண்ட ஓர் ஆணுக்குக் கொடுத்த அதே சீட்டு. கால்சியமும் இரும்பும் ஒன்றாக விழுங்கினால் ஒன்று மற்றதைத் தடுக்கும், இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அதைக்கூட நானேதான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40 சதவீதம் பேருக்கு எடை அதிகம், 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டும் வேறு வேறு பெண்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். ஒருத்தியைப் பார்த்து இரக்கப்படுகிறோம், இன்னொருத்தியைப் பார்த்துச் சிரிக்கிறோம். நான் ஒருத்தியே இரண்டு கணக்கிலும் இருந்தேன்.

அறுவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் சர்க்கரை அதனால்தான் கட்டுக்குள் வந்தது. எடை மட்டும் போதும் என்று நினைப்பவர்களோடுதான் எனக்குச் சண்டை. எடை ஊரார் கண்ணுக்குத் தெரியும், அதனால் அளந்தார்கள். இரும்பு எனக்கு மட்டுமே தேவைப்பட்டது, அதனால் விட்டுவிட்டார்கள். கடைசியில் டிரிப்ஸ் வழியாக இரும்பு ஏற்றினார்கள். சில வாரங்களில் அரிசி டின்னை மறந்தேன்.

கத்தி வைப்பதற்கு முன் எங்கள் இரும்பைப் பாருங்கள். பிறகும் வருடாவருடம், ஆயுள் முழுக்கப் பாருங்கள். மாத்திரை போதவில்லை என்றால் தாமதிக்காமல் ஊசி வழியாக ஏற்றுங்கள். எடை மெஷினில் ஏறச் சொல்லும் முன், எத்தனை நாள் ரத்தம் போகிறது என்று கேளுங்கள்.