விளையாட்டைப் பறித்தால் வீரன் வருவானா?

சென்ற வாரம் பூதப்பாண்டியில் செய்தித்தாளோடு ஒரு நோட்டீஸ் வந்து விழுந்தது. ராணுவக் கட்டுப்பாட்டுடன் கூடிய விடுதிப் பள்ளியாம். டி.வி. இல்லை, செல்போன் இல்லை, விளையாட்டில் வீணாகும் நேரம் இல்லை என்று பெருமையாக அச்சடித்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த வீட்டு அண்ணாச்சியோ அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இப்படிப் போட்டு அடைச்சாத்தான் பய நேராவான், கேட்டியா" என்றார்.

விளையாட்டு இல்லாத ராணுவத்தை இவர்கள் எங்கே பார்த்தார்கள்? தோவாளை வட்டாரத்தில் பென்ஷன் வாங்கும் எந்தப் பட்டாளத்துக்காரரையும் கேளுங்கள். காலையில் பி.டி. பரேடு எப்படியோ, சாயந்தரம் கேம்ஸ் பரேடும் அப்படித்தான். வாலிபாலுக்கு வராதவன் காரணம் சொல்லியாக வேண்டும்.

முப்படைக்கும் அதிகாரிகளை உருவாக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமி, 1955 முதல் புனே அருகே கடக்வாஸ்லாவில் இயங்குகிறது. மூன்று வருடப் பயிற்சி; பெண்டு நிமிர்த்திவிடுவார்கள். அந்தக் கடக்வாஸ்லாவில்தான் குதிரையேற்றம் இருக்கிறது, ஏரியில் பாய்மரப் படகு இருக்கிறது, ஸ்குவாட்ரன்களுக்கு இடையே குத்துச்சண்டையும் ஓட்டப் போட்டியும் நடக்கின்றன. போட்டோ எடுக்கவும் மாதிரி விமானம் செய்யவும் ஹாபி கிளப்கள் உண்டு. 1999-இல் கார்கிலில் உயிரைக் கொடுத்துப் பரம்வீர் சக்கரம் பெற்ற கேப்டன் மனோஜ் குமார் பாண்டே அங்கே பயின்றவர். விளையாட்டால் கெட்டா போனார்?

அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் அகாடமிக்கு இந்தப் புத்தி அடிபட்டுத்தான் வந்தது. சீனியர்கள் ஜூனியர்களை வதைத்த கொடுமையை 1901-இல் அந்நாட்டு நாடாளுமன்றமே விசாரித்தது. சாட்சி சொன்ன மாணவர்களில் ஒருவர் டக்ளஸ் மெக்கார்தர், வதைபட்டவர். 1919-இல் அவரே அகாடமியின் தலைவராக வந்ததும், எல்லா மாணவர்களும் விளையாடியே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டார். வெளியே போய்வரவும் அனுமதி கொடுத்தார். பூட்டிய கேட்டுக்குள் இளரத்தத்துக்குப் போக்கிடம் இல்லையென்றால், அது பக்கத்துக் கட்டிலில் கிடக்கும் சின்னப் பையன் மேல் பாயும் என்று பட்டவருக்குத் தெரியாதா?

என் சொந்தத்தில் ஒரு பையன் அப்படியொரு விடுதியில் எட்டாம் வகுப்பு படிக்கிறான். பொங்கலுக்கு வந்திருந்தான். பந்தியில் தலை நிமிராமல் அள்ளிப்போட்டு முடித்தான். சொந்த வீட்டில் தண்ணீர் குடிக்க எழுந்து நின்று அனுமதி கேட்டான். "பழையாத்துக்குக் குளிக்கப் போலாமா மக்கா?" என்றேன். "போனதும் டெஸ்ட் இருக்கு மாமா" என்று அறைக்குள் போய்விட்டான். அவன் அம்மைக்கு அதில் பூரிப்பு. இதுவா ஒழுக்கம்? பயம். ராணுவத்தில் இந்தப் பயத்தோடு யாருக்கும் தோளில் நட்சத்திரம் குத்த மாட்டார்கள்.

விடுதியை மட்டும் சொல்வானேன்? நம் பள்ளிகளில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்க்கும் பழக்கம் எத்தனை காலமாக நடக்கிறது! மைதானத்தில் கட்டடம் எழும்புகிறது, பெற்றோர் கைதட்டுகிறார்கள். உடல் தண்டனையும் மன உளைச்சல் தருவதும் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. பிரம்பைக் காட்டிப் பிள்ளை பிடிக்கும் பள்ளிக்கோ வாசலில் வரிசை நிற்கிறது.

பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்ப உண்மையிலேயே ஆசையா? உடுமலை பக்கம் அமராவதிநகரில் 1962 முதல் சைனிக் பள்ளி இருக்கிறது. ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் நுழைவுத் தேர்வு வைத்துத்தான் எடுக்கிறார்கள், எழுத வையுங்கள். வேறு விடுதிதான் என்றால், அட்மிஷன் போடும் முன் சாயந்தரம் 5 மணிக்கு அங்கே போய் நில்லுங்கள். மைதானத்தில் பிள்ளைகள் சத்தம் கேட்கவில்லையென்றால், கொண்டுபோன பணத்தோடு திரும்பி வாருங்கள்.