யோபுவின் பொறுமை

சாவு வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் நாம் கிறிஸ்தவர்கள் சுலபமாகச் சொல்லிவிடும் வார்த்தை ஒன்று உண்டு: "யோபுவைப் போலப் பொறுமையா இருங்க." போன மாதம் இங்கே ஜீயபுரம் பக்கத்தில், மகனைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் இதைச் சொன்னார்கள். அந்த அம்மா அழுகையை விழுங்கிக்கொண்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை.

யோபு ஆகமத்தில் 42 அதிகாரங்கள். அவர் முறுமுறுக்காமல் இருப்பது முதல் இரண்டில்தான். மூன்றாவதிலேயே தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அப்புறம் கடவுளோடு வழக்கே நடத்துகிறார். கடவுள் அவரை அதட்டாமல் இல்லை. ஆனாலும் முடிவில், சரியாகப் பேசியது யோபுதான் என்று சொல்லி, உபதேசம் செய்த நண்பர்கள் மீது கோபம் கொள்கிறார். அந்த நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், வந்ததும் ஏழு நாள் வாய் திறக்காமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்ததுதான்.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அந்த பாஷையில் நோயாளிக்கும் பொறுமைசாலிக்கும் 'பஸியான்' என்று ஒரே சொல். தமிழிலோ பொறுத்தல் என்றால் சுமத்தல். மூட்டை சுமக்கிறவனை முனகாதே என்று யாராவது சொல்வார்களா?

இந்தக் கதையைக் கேட்டு வாழ்க்கையே மாறிய அரசாங்க உத்தியோகஸ்தர் ஒருவர் உண்டு. (ஆயுள் முழுக்கக் கோப்பு கட்டிய எனக்கு அதனாலேயே அவர்மேல் தனிப் பிரியம்.) நட்டாலத்து நீலகண்டப் பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் வேலை பார்த்தவர். குடும்பத்தில் அடுத்தடுத்து நஷ்டம் வந்து மனம் உடைந்திருந்தபோது, டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பார்கள். டிலனாய் யார்? 1741-இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்த டச்சுக் கம்பெனித் தளபதி. தானும் எல்லாம் இழந்தவர். அதனால்தான் அவர் சொன்னது காதில் ஏறியது என்று நினைக்கிறேன்.

பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். 1749-இல் கைது. மூன்று வருடம் அடி, சங்கிலி, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக அவமானம். 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காட்டாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022-இல் புனிதர் பட்டம் கொடுத்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள்.

அவருடைய பொறுமையைப் பற்றிப் பிரசங்கங்கள் நிறையக் கேட்டாயிற்று. எனக்கு டிலனாயின் ஞாபகம்தான் அடிக்கடி வருகிறது. தான் கதை சொன்ன மனிதர் சங்கிலியில் கிடந்த அந்த மூன்று வருடமும் அவர் அதே மன்னரின் சம்பளத்தில் இருந்தார். 1777-இல் இறந்து, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. தேவசகாயம் போனபின் அந்த 25 வருடத்தை அவர் எப்படிச் சுமந்தாரோ, அதைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை.