திரும்பி வரும் மூட்டை

சனியும் ஞாயிறும் சேர்ந்து ஓய்வு கிடைத்தால் மலைக்கோ ஏரிக்கரைக்கோ சென்று, ஓர் இரவு கூடாரமடித்துத் தங்கி வரும் வழக்கம் நம் மாணவரிடையே பரவி வருகிறது. வரவேற்க வேண்டிய வழக்கம்தான். ஆயினும், புறப்படுமுன் நடக்கும் பேச்செல்லாம் எதைக் கொண்டு செல்வது என்பதைப் பற்றியே இருக்கிறது. எதைத் திருப்பிக் கொண்டு வருவது என்று கேட்பார் இல்லை. இந்த இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லாதவனுக்கு மூட்டை கட்டத் தெரியாது என்பேன்.

முதற்கேள்வி எளிது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. ஓர் இரவுப் பயணத்திற்கு ஆளுக்கு நான்கு லிட்டராவது வேண்டும். அந்தச் சுமையைத் தவிர்க்க முடியாது. ஆகவே மற்றவற்றைக் குறைத்தாக வேண்டும். ஒரு போர்வை, ஒரு மாற்றுடை, மழை வந்தால் போர்த்திக்கொள்ள ஒரு விரிப்பு, கைவிளக்கு, தீப்பெட்டி, காயத்திற்கு மருந்தும் துணிக்கட்டும், இவை போதும். உணவுக்குப் புளிச்சோற்றை மிஞ்சியது எது? புளியும் உப்பும் எண்ணெயும் அதை மறுநாள் காலை வரை கெடாமல் காக்கும். அடுப்பும் பாத்திரமும் சுமக்கும் வேலையும் இல்லை.

குறைந்த சுமையோடு நெடுந்தொலைவு போகலாம் என்பதற்குச் சான்று வேண்டுமா? அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்ற மூதாட்டி, 1955ஆம் ஆண்டில், தம் 67ஆம் வயதில், அப்பலேச்சியன் மலைப்பாதையில் 3,000 கிலோமீட்டருக்கும் மேல் தனியே நடந்து முடித்தார். அவர் கொண்டு சென்றது கையால் தைத்த ஒரு துணிப்பை. அதில் ஒரு போர்வை, ஒரு மழைச்சட்டை, கூடாரத்திற்குப் பதிலாக ஒரு குளியலறைத் திரை. அவ்வளவுதான்! நம் நாட்டிலும் சபரிமலைக்குச் செல்வோர் இருமுடியின் முன்முடியில் இறைவனுக்குரியதையும் பின்முடியில் தமக்குரியதையும் கட்டிக்கொள்வர். தனக்கு வேண்டியது பாதி மூட்டைக்குள் அடங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு அதில் இருக்கிறது.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். கோலார் தங்கவயலில், ஸ்கெலட்டன் பகுதியில் வளர்ந்தவன் நான். கொண்டு போனது என்ன, விட்டுப் போனது என்ன என்ற கணக்கை எங்கள் ஊரைப் போல் கற்பிக்கும் பள்ளி வேறில்லை. 1880 முதல் 2001 பிப்ரவரி 28 வரை அங்கே பெருஞ்சுரங்கங்கள் இயங்கின. பாறையை வெட்டி, மாவாக அரைத்து, சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தெடுத்தார்கள். பொன் வெளியூர் சென்றது. அரைத்த மண் எங்களுக்கு மிஞ்சியது. மூன்று கோடி டன்னுக்கும் மேல் என்கிறார்கள். காற்று வீசும் காலத்தில் அந்தச் சயனைடு மேடுகளின் புழுதி வீட்டுக்குள் வந்து சோற்றில் விழுகிறது. பொன்னை ஒரு நாளும் அணியாதவர்களின் பிள்ளைகளே அந்தப் புழுதியை உண்கிறார்கள்!

திரைப்படத்தைப் பார்த்துவிட்டு அம்மேடுகளின் மேல் இரவு தங்க விரும்பும் நண்பர்களுக்கு ஒரு சொல்: வேண்டாம். அந்தப் புழுதி மூச்சுக்கு ஆகாது. மேட்டடியில் தேங்கிய நீரைக் காய்ச்சிக் குடிக்கலாம் என்றும் எண்ணாதீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும். கரைந்த நஞ்சு போகாது. பழைய சுரங்க வாய்களின் பக்கம் இருட்டில் நடப்பதும் ஆபத்து. வேறு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏரிக்கரையானால் உரியவரிடம் இசைவு பெற்றுச் செல்லுங்கள்.

எங்கு சென்றாலும் மூட்டையில் ஒரு வெறுஞ்சாக்கு இருக்கட்டும். தண்ணீர்ப் புட்டி, பிஸ்கட் உறை, ஊறுகாய்ப் பொட்டலம் எல்லாம் அதில் திரும்பி வரட்டும். “ஒரு காகித உறையால் மலை கெட்டுவிடுமா?” என்று கேட்கும் தோழர்கள் உண்டு. எங்கள் ஊர் மேடுகளும் ஒரே நாளில் எழுந்தவையல்ல. நாள்தோறும் கொட்டிக் கொட்டித்தான் குன்றாயின. கொட்டியவர்கள் எவரும் இன்று அங்கில்லை.

நம் சங்கம் நடத்தும் சுற்றுலாக்களில் ஒரு விதி வேண்டும் என்று முன்மொழிகிறேன். புறப்படும்போது ஒவ்வொருவரும் தம் பொருள்களை எழுதிக் கொடுக்கட்டும். திரும்பியதும் அந்தப் பட்டியலை வைத்துச் சரிபார்க்கட்டும். தின்ற சோறும் குடித்த நீரும் தவிர, மற்றவை அனைத்தும் கணக்கில் வர வேண்டும். பொருளாளர் காசுக்குக் கணக்குக் கேட்கிறார். காட்டுக்கும் ஒருவர் கேட்கட்டுமே! போகும்போது ஆளுக்கு நான்கு லிட்டர் சுமந்த தோளுக்கு, வரும்போது காலிப் புட்டிகள் ஒரு சுமையா?