காய்கறி விளையும் மலையில் தட்டின் ஓரத்தில் காய்கறி

ரிங்லெட்: கேமரன் மலையின் முட்டைக்கோஸும் தக்காளியும் கீரையும் லோரி ஏறி கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகின்றன. ஆனால், மலேசியாவில் பெரியவர்களில் 95.1 விழுக்காட்டினர் போதுமான காய்கறியும் பழமும் உண்பதில்லை என்கிறது 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு. அதாவது, 20 பேரில் 19 பேர். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளொன்றுக்கு 400 கிராம்.

இம்மலையில் தமிழர்கள் தேயிலை பறித்தார்கள். சீனக் குடியேறிகள் காய்கறித் தோட்டம் போட்டார்கள். சீனர் வீட்டில் சாவியும் காங்கோங்கும் பூண்டோடு வதங்கி, மேசை நடுவில் தனி உணவாக வரும். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் 15-ஆம் நாளிலும் பலர் சைவம். உடல் சூடு, குளிர்ச்சி பார்த்துக் காய், பழம் தேர்ந்தெடுப்பதும் உண்டு.

இவை எதுவும் தமிழருக்குப் புதிதல்ல. வெள்ளிக்கிழமை சைவம், முருங்கைக்கீரை, கூட்டு, பொரியல் எல்லாம் நம்மிடமும் உண்டு. வேறுபாடு அளவில்தான். நம் தட்டில் சோறு மலையாகவும் காய்கறி ஓரமாகவும் இருக்கிறது. மலைச் சரிவில் நாள் முழுக்கக் கூடை சுமந்தவருக்கு அந்தச் சோறு தேவைப்பட்டது. கடையிலும் அலுவலகத்திலும் உட்கார்ந்து வேலை செய்யும் பேரப்பிள்ளைக்கும் அதே அளவுதான் பரிமாறப்படுகிறது.

2019-ஆம் ஆண்டு ஆய்வில் இந்தியர்களிடையே நீரிழிவு 31.4 விழுக்காடு, சீனர்களிடையே 15.1 விழுக்காடு. இதற்குக் காய்கறி மட்டுமே காரணமல்ல. பரம்பரை, உடல் எடை, இனிப்புத் தேநீர், உடலுழைப்புக் குறைவு எல்லாம் சேர்ந்தே வருகின்றன.

சீனர்களின் பழக்கமும் அவர்களை முழுமையாகக் காக்கவில்லை. அந்த 95 விழுக்காட்டில் அவர்களும் அடக்கம். வீட்டுச் சமையல் குறைந்து, கடை மீயும் பொட்டல உணவும் வந்தபின் எந்த இனத்தின் மரபும் தட்டில் தானாக நிற்பதில்லை.

சுகாதார அமைச்சின் ‘சுக்கு-சுக்கு செப்பாரோ’ முறை எளிது: தட்டில் கால் பகுதி சோறு, கால் பகுதி மீன், கோழி அல்லது பருப்பு, அரைப் பகுதி காய்கறியும் பழமும். அதற்குப் புதுச் சமையல் கற்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைப் பொரியலை மற்ற ஆறு நாளுக்கும் நீட்டி, அகப்பையில் காயை முதலில் அள்ளி, சோற்றைப் பிறகு போட்டால் போதும். காய்கறி விளையும் மலையில் வாழ்பவர்களே அதைத் தொடங்கலாம்.