திருப்பி அனுப்பும் மனுவுக்கும் ஒரு சீட்டு

அட்டப்பாடி மலைப்பகுதியில் அகளி, புதூர், ஷோலையூர் என மூன்று கிராம ஊராட்சிகள் உள்ளன. இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்களும், தமிழும் மலையாளமும் பேசும் உழவர்களும் இங்கு வாழ்கின்றனர். மலைச்சரிவில் உள்ள ஊரிலிருந்து ஒருவர் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்து திரும்பினால் அன்றைய கூலி போய்விடும். ஆகவே, ஒரு காரியத்துக்காக மக்கள் எத்தனை முறை படியேற நேர்கிறது என்பதே இங்கு நிர்வாகத் திறனை அளக்கும் சரியான அளவுகோல்.

கேரளம் இத்துறையில் பின்தங்கிய மாநிலம் அன்று. 1996இல் தொடங்கிய மக்கள் திட்டம் ஊராட்சிகளுக்கு நிதியும் அதிகாரமும் தந்தது. 2012ஆம் ஆண்டின் சேவை உரிமைச் சட்டம் ஒப்புகைச் சீட்டு, காலக்கெடு, மேல்முறையீடு, அபராதம் ஆகியவற்றுக்கு வழிசெய்தது. 2024 ஜனவரி முதல் நாளில் நகரங்களில் தொடங்கிய கே-ஸ்மார்ட் மின்னணுச் சேவை, அடுத்த ஆண்டு கிராம ஊராட்சிகளுக்கும் வந்தது.

எனினும் இவை யாவும் மனு பதிவான பிறகே செயற்படுபவை. "இன்னொரு தாள் குறைகிறது, கொண்டு வாருங்கள்" என்று வாய்மொழியாகத் திருப்பி அனுப்பப்படுபவரின் அலைச்சல் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அவருக்குக் காலக்கெடுவும் இல்லை, மேல்முறையீடும் இல்லை.

வங்கியில் காசோலை பணமாகாமல் திரும்பும்போது, காரணம் குறித்த சீட்டும் உடன் வருகிறது. எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது வாடிக்கையாளருக்கு ஐயமின்றித் தெரிந்துவிடும். ஊராட்சி முகப்பிலும் இவ்வழக்கம் வரவேண்டும். குறைகள் அனைத்தையும் ஒரே முறையில் குறித்து, நாளிட்டு, கையொப்பமிட்ட சீட்டு ஒன்றைத் தந்தாக வேண்டும்.

அச்சீட்டு படிப்பவருக்குப் புரியும் மொழியில் இருத்தலும் இன்றியமையாதது. சிறுபான்மைப் பகுதிகளில் தமிழிலும் கன்னடத்திலும் அரசு அலுவலகங்களுக்கு எழுதவும், அதே மொழியில் மறுமொழி பெறவும் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. எழுத்தறியாதோருக்குப் படித்துச் சொல்ல எஸ்.டி. புரமோட்டர்கள் உதவலாம்.

ஆள் பற்றாக்குறை இருக்கையில் இது கூடுதல் சுமையாகாதா என்று கேட்கலாம். அச்சிட்ட படிவத்தில் குறியிட ஒரு நிமிடம் போதும்; அதே மனிதர் மும்முறை வருவதால் செலவாகும் நேரம் அதனினும் மிகுதி. மேலும், மாத இறுதியில் அச்சீட்டுகளின் அடிக்கட்டைகளைப் பார்த்தால், எந்த ஆவணத்தில் மக்கள் அதிகம் இடறுகின்றனர் என்பதைச் செயலாளர் அறிந்து, அதனை முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கலாம்.

இதற்குப் புதிய சட்டமோ பெருநிதியோ தேவையில்லை. ஊராட்சிக் குழுவின் ஒரு தீர்மானமே போதும்.