மருந்துச்சாலையின் புதிய கணக்கப்பிள்ளை

மருங்காபுரிச் சீமையில் மழை தவறும் ஆண்டுகள் உண்டு. காய்ச்சலும் இருமலும் தவறும் ஆண்டு இல்லை. நோயுற்ற பிள்ளையை இடுப்பிற் சுமந்து, துவரங்குறிச்சிக்கோ மணப்பாறைக்கோ சென்று ஒரு சீசா மருந்து வாங்கி வரும் தாய், அதன்மேல் அச்சிட்ட சிற்றெழுத்துக்களை ஆராய்பவள் அல்லள். எங்கோ ஒருவர் அம்மருந்தைச் சோதித்து, கண்டதைக் கண்டபடி எழுதி வைத்துள்ளார் என்னும் நம்பிக்கையே அவளுக்குத் துணை. ஆதலின் மருந்துச்சாலையின் ஏடுகளை இனி மனிதர் எழுதுவதோ இயந்திரம் எழுதுவதோ என்னும் வினா, முதலாளிமார்க்கு மட்டும் உரியதன்று.

நம் நாட்டில் 1940-ஆம் ஆண்டுச் சட்டமும் 1945-ஆம் ஆண்டு விதிகளும் இவ்வேடுகளைக் கட்டாயமாக்கியுள்ளன. மூலப்பொருளின் சோதனை, நிறுத்த எடை, கலந்த முறை, விற்பனைக்கு விடுவித்தவரின் கையொப்பம் ஆகிய யாவும் தொகுதிதோறும் எழுதப்பெறல் வேண்டும். அயல்நாட்டு அனுமதி நாடுவோர், ஐந்து பகுதிகளாக வகுத்த பெரிய ஆவணம் ஒன்றையும் சமர்ப்பிக்க நேரும். இவற்றைத் திரட்டவும், ஒப்புநோக்கவும், அறிக்கை வரையவும், தவணை நாளை நினைவூட்டவும் இப்போது கணிப்பொறியை அமர்த்துகின்றனர். இதனை வரவேற்கலாம் என்பதே நமது அபிப்பிராயம். ஆயினும் ஒரு நிபந்தனையோடு.

2025-ஆம் ஆண்டு அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் ஸ்ரீசன் நிறுவனம் செய்த கோல்ட்ரிப் என்னும் இருமல் மருந்தில், டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு நூற்றுக்கு 48.6 பங்கு கலந்திருந்ததைத் தமிழ்நாட்டு அரசின் சோதனை காட்டிற்று. பொறுக்கத்தக்க அளவோ 0.1 பங்கே. மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாராப் பகுதியில் 20-க்கு மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு மாண்டனர். ஆய்வாளர் அவ்வாலையில் 300-க்கு மேற்பட்ட குறைகளைக் கண்டனர். இதே நஞ்சு 1937-இல் அமெரிக்காவில் 100-க்கு மேற்பட்டோரைக் கொன்றதும், அதன் விளைவாக 1938-இல் அங்கே புதுச் சட்டம் பிறந்ததும் உலகறிந்தவை. கரைப்பானின் சோதனை முடிவு பதிவாகும் வரையில் கலவை ஏடு திறவாது என்று ஓர் இயந்திரம் தடுத்து நிற்குமாயின், மறதிக்கும் அசட்டைக்கும் ஒரு வாயில் அடைபடும். இது பெரிய நன்மையே.

ஆனால் மற்றொரு வழக்கையும் எண்ணுதல் வேண்டும். ரான்பாக்சி நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை 2013-ஆம் ஆண்டு மே மாதத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 50 கோடி டாலர் செலுத்த இசைந்தது. குற்றங்களுள் ஒன்று யாது? மருந்தின் நிலைப்புத்தன்மையைக் குறித்த காலத்திற் சோதியாது, வாரங்களும் மாதங்களும் கழித்துச் சோதித்துவிட்டு, உரிய நாளிலேயே சோதித்ததாக அதிகாரிகளுக்கு அறிவித்ததாம். அங்கே ஏடு இல்லாமற் போகவில்லை. ஏட்டில் உண்மை இல்லாமற் போயிற்று. இந்நோய்க்கு விரைவாக எழுதும் இயந்திரம் மருந்தாகாது. பொய்யையும் பிழையின்றி, அழகாக, நொடியில் எழுதித் தருதலும் அதற்கு எளிதன்றோ?

ஆகவே நாம் வேண்டும் நிபந்தனை இதுவே: இயந்திரம் கணக்கப்பிள்ளையாக இருக்கட்டும், சாட்சியாக இருத்தல் ஆகாது. எடை, தராசினின்றே நேராக ஏட்டில் ஏறட்டும். திருத்தியவர் யார், திருத்திய நேரம் எது, முன்னிருந்த எண் யாது என்பன அழியாமல் நிற்கட்டும். அமெரிக்க விதி 1997 முதலே இதனை வேண்டுகின்றது. ஆயினும் அறிக்கையைப் படித்து, பொருளைக் கண்டு, கையொப்பமிடும் பொறுப்பு பெயருள்ள ஒரு மனிதருடையதாகவே இருத்தல் வேண்டும். படியாமல் இடும் கையொப்பம், காணாத சாட்சிக்கு ஒப்பாகும்.

சிறிய ஆலைகள் இச்செலவைத் தாங்கா என்பர். அது மெய்யே. 2023 டிசம்பரில் திருத்தப்பட்ட எம் அட்டவணையின் விதிகளை நிறைவேற்ற, அவற்றிற்கு 2025 டிசம்பர் இறுதி வரை தவணை நீட்டித்ததும் அதனாலன்றோ? ஆயினும் விலையுயர்ந்த பொறி இல்லாத இடத்திலும், ஒரு தாளும் ஓர் எழுதுகோலும் நேர்மையான ஒரு கண்ணும் இருத்தல் கூடும்.

நம் கல்லூரியில் வேதிநூல் பயிலும் மாணவர் சிலர் நாளை அவ்வேடுகளிற் கையொப்பமிடுவர். அவர்கட்கு ஒரு வார்த்தை. சோதனைச்சாலையில் தராசைப் பாராமல், அண்டையில் இருப்பவர் நோட்டைப் பார்த்து எடை எழுதும் வழக்கம் விளையாட்டன்று. மருங்காபுரித் தாயின் கையிலுள்ள சீசா அங்கேதான் செய்யப்படுகின்றது.