மாடிக் குடித்தனமும் மின்சார பில்லும்

தில்லியில் வீடு பார்க்கும் நம்மவர்கள் வாடகையில் ஐந்நூறு ரூபாய் குறைக்க அரைமணி நேரம் வாதாடுவார்கள். கிளம்பும்போது வீட்டுக்காரர், "கரண்டுக்கு யூனிட் ஒன்பது ரூபாய்" என்பார். அதற்கு மட்டும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள். மாதாமாதம் பணம் கரைவது அங்கேதான்.

ஒரே மீட்டர் உள்ள வீட்டில் மாடிக்கு ஒரு சப் மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவது இந்த ஊர் வழக்கம். 2019-ஆம் ஆண்டுக் கட்டணப்படி முதல் 200 யூனிட்டுக்கு 3 ரூபாய், அடுத்த 200-க்கு நாலரை, அதற்குமேல் 800 வரை ஆறரை. கீழே வீட்டுக்காரர் 350, மாடியில் 150, ஆக 500 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். யூனிட் கட்டணம் மட்டும் 2,150 ரூபாய். சராசரி 4 ரூபாய் 30 காசு. நிலைக் கட்டணம், சர்சார்ஜ், வரி எல்லாம் இதன்மேல் ஏறும், மறுக்கவில்லை. பில்லின் மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, மாடி மீட்டர் காட்டும் எண்ணால் பெருக்கினால் நியாயமான பங்கு வந்துவிடும். அந்த வீதம் மாதத்துக்கு மாதம் மாறும். ஒன்பதிலேயே ஆணி அடித்தாற்போல் நிற்காது. அசல் பில்லைக் காட்டாத வீட்டுக்காரரிடம் அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. 2019 ஆகஸ்டில் தில்லி அரசு கொண்டுவந்த சலுகையில் 200 யூனிட் வரை இலவசம். 400 வரை பாதிக் கட்டணம், அதிகபட்சம் 800 ரூபாய் தள்ளுபடி. 400-ஐத் தாண்டினால் ஒன்றும் இல்லை. நம் உதாரணத்தில் தனித்தனி இணைப்பு இருந்தால் மாடிக்காரருக்கு பில்லே வராது, கீழ்வீட்டுக்காரருக்கும் பாதி குறையும். ஒரே மீட்டரில் 500 ஓடுவதால் இருவருக்கும் கிடைக்கவில்லை. ஒன்பது ரூபாய் வாங்கிக் கெட்டிக்காரத்தனம் செய்தவரும் இழக்கிறார்!

பிறகு ஏன் தனி மீட்டருக்குச் சம்மதிப்பதில்லை? குடித்தனக்காரர் பெயரில் மீட்டர் இருந்தால் வீடே போய்விடும் என்ற பயம்தான். வீட்டின் உரிமை இருப்பது பத்திரத்தில்; மின்சார பில்லில் அல்ல. வாடகை ஒப்பந்தத்தையோ ரசீதையோ காட்டி ப்ரீபெய்டு மீட்டர் பெறும் திட்டத்தை 2019 செப்டம்பரில் தில்லி அரசு அறிவித்தது. வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் தரவில்லை என்பதற்காகக் குடியிருப்பவருக்கு மின்சாரத்தை மறுக்க முடியாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

எனக்கு வருத்தம் பிறர்மேல் அல்ல. கரோல்பாக் பர்ஸாதிகளில் குடியிருந்து, "சேட்டு கரண்டில் கொள்ளையடிக்கிறான்" என்று புலம்பிய நம்மவர்கள் சிலர் இன்று சொந்த வீடு கட்டி, மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வேலைக்கு வந்த பிள்ளைகளிடம் அதே ஒன்பதை வாங்குகிறார்கள். கேட்டால், "ஊர் வழக்கம்" என்கிறார்கள்.

குடித்தனக்காரர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்றும் சொல்லமாட்டேன். குளிர்காலத்தில் 2 கிலோவாட் கீஸரைப் போட்டுவிட்டு மறந்து தூங்குகிறவர்களை எனக்குத் தெரியும். சப் மீட்டர் இருக்கும்வரை அது அவர்கள் தலையிலேயே விடியும். தகராறு வருவது தண்ணீர் மோட்டாரில்தான். ஒரு குதிரைசக்தி மோட்டார் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் மாதம் 22 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். நாம் காலையிலேயே குளிக்கிற, துணி அலசுகிற ஜாதி. தண்ணீர் செலவு கூடத்தான் இருக்கும். பாதிக்குப் பாதி என்பது பார்க்க நியாயம்போல் தெரியும். கீழே இருவர், மேலே நால்வர் என்றால்?

எங்கள் வீட்டில் மோட்டாருக்கும் ஒரு தனிச் சப் மீட்டர் போட்டுத் தலைக்கணக்கில் பிரிக்கிறோம். மாடிக்காரரின் மாமனார் மாமியார் ஊரிலிருந்து வந்தபோது அவர்களையும் தலையில் சேர்ப்பதா என்று கேள்வி எழுந்தது. பதினைந்து நாளுக்குமேல் தங்கும் விருந்தாளியைச் சேர்ப்பது என்று பேசி, மீட்டர் நோட்டிலேயே எழுதிக்கொண்டோம். என் மைத்துனன் வந்தாலும் அதே கணக்குத்தான்.